விடியலில் ஐங்கிரக தரிசனம்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபொழுது, தல புராணமோ திருமுறை விளக்கமோ எழுதும் தகுதி எனக்கில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அதையெல்லாம் எழுத ஆள் இருக்காங்க. நீங்க அந்த ஐந்து கிரகம் பார்த்த கதையை எழுதுங்க, வாத்தியாரே" என்றார் தலைவர். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் சுங்கை ஆயர் தாவாரில் சிலர் விடியுமுன் எழுந்து வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தது அன்பர்கள் பலருக்குத் தெரியும். எதற்காகப் பார்த்தோம், எதைக் கண்டோம், அதனால் விளைந்தது என்ன என்பதை இங்கே விளக்க முற்படுகிறேன்.

தொலைபேசியில் வந்த பயம்

நம் கோயிலில் சனிக்கிழமை தவறாமல் நவக்கிரக சந்நிதியில் எள் விளக்கு ஏற்றும் தாய் ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவர் காலமான பின்னர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி, ஒரே மகளைப் படிக்க வைத்தவர். அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் மகள் எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். மேற்படிப்புச் செலவுக்கென்று தாய் இரண்டாயிரம் வெள்ளி சேர்த்து வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் அவருடைய கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஜூன் 24ஆம் தேதி ஐந்து கிரகங்கள் ஒரே கோட்டில் நிற்கப் போகின்றன. பெண் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. உடனே பரிகாரம் செய்யாவிட்டால் இழப்பு நேரும் என்பது அதன் சாரம். யாரோ ஒரு வெளியூர்க்காரர் அந்தப் பரிகாரத்தை 1,200 வெள்ளிக்குச் செய்து தருவதாகவும் அதில் கண்டிருந்தது. அம்மையார் பூசாரி ஐயாவிடம் போய்க் கேட்டார். அவர், "வாத்தியாரைக் கேளுங்கம்மா" என்று என்னிடம் அனுப்பி வைத்தார்.

நான் செய்த தவற்றை முதலில் ஒப்புக் கொள்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திய பழக்கம் என்னை விடவில்லை. கோயில் மண்டபத்தில் நான்கு பேர் முன்னிலையில், இதெல்லாம் மூடநம்பிக்கை என்றும், படித்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு இப்படிப் பயப்படலாமா என்றும் குரலை உயர்த்திப் பேசிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பூசாரி ஐயா எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டுதான் இருந்தார். "வாத்தியாரே, அந்தப் பொம்பளை பயந்துபோய் வந்துச்சு. நீங்க அதோட வெட்கத்தையும் சேர்த்து அனுப்பிட்டீங்க. வாயால சொன்னா பயம் போகுமா? கையப் புடிச்சுக் கூட்டிப் போய்க் காட்டுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

பாட்டியின் தோடு

நான் ஏன் அவ்வளவு கோபப்பட்டேன் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இந்தப் பயத்தை நான் சிறுவயதிலேயே எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

1962ஆம் ஆண்டு பிப்ரவரி 3 முதல் 5 வரை, தை அமாவாசையை ஒட்டி, சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கேது ஆகிய எட்டும் மகர ராசியில் கூடின. இதை அஷ்டகிரகச் சேர்க்கை என்றார்கள். உலகம் அழியப் போகிறது என்று இந்தியா முழுவதும் பீதி பரவியது. ஊருக்கு ஊர் யாகங்கள் நடந்தன. அன்றைய பாரதப் பிரதமர் நேரு இது சிரிக்க வேண்டிய விஷயம் என்று சொல்லியும் மக்கள் அஞ்சினார்கள்.

எனக்கு அப்பொழுது எட்டு வயது. தென்னந்தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். தோட்டம் தோட்டமாக நடந்து வந்த ஒருவர் தாயத்துக் கட்டினார். எங்கள் பாட்டி தன் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து, வீட்டில் இருந்த ஐந்து பேருக்கும் தாயத்து வாங்கினார். அந்த மூன்று நாளும் பாட்டி அடுப்பு மூட்டவில்லை. நான்காம் நாள் காலை வழக்கம்போல் பெரட்டுக்கு மணி அடித்தது. அப்பா வேலைக்குப் போனார். உலகம் அப்படியே இருந்தது. பாட்டியின் தோடு மட்டும் திரும்பவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் இந்திய எல்லையில் சீனாவுடன் போர் மூண்டபொழுது, "அன்றே சொன்னோமே" என்றவர்கள் உண்டு. எட்டு மாதம் கழித்து வருவதையெல்லாம் கணக்கில் சேர்த்தால், எந்த நாளுக்கும் ஒரு கெடுதலைக் காட்டிவிடலாம் அல்லவா?

இந்த மயக்கம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதன்று. 1974ஆம் ஆண்டில் ஜான் கிரிபின், ஸ்டீபன் பிளேகமன் என்ற இருவர் எழுதிய 'தி ஜூபிடர் எஃபெக்ட்' என்னும் நூல், 1982ஆம் ஆண்டில் கிரகங்கள் சூரியனுக்கு ஒரே பக்கத்தில் சேர்வதால் கலிபோர்னியாவில் பெரும் பூகம்பம் வரலாம் என்றது. கிரகங்கள் சேர்ந்தன, அந்தப் பூகம்பம் வரவில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் சூரியன், சந்திரன், ஐந்து கிரகங்கள் என ஏழும் வானில் ஒரே பக்கத்தில் நெருங்கி நின்றன. சூரியன் நடுவில் இருந்ததால் எவராலும் அதைக் காணக்கூட முடியவில்லை.

'ஒரே கோடு' என்றால் என்ன?

கிரகங்கள் கோட்டில் நிற்பது என்றால், விண்வெளியில் அவை ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி நிற்கின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். சூரியனிலிருந்து பூமி ஏறக்குறைய 150 மில்லியன் கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. புதன் 58 மில்லியன், சுக்கிரன் 108 மில்லியன், செவ்வாய் 228 மில்லியன், குரு 778 மில்லியன், சனி 1,430 மில்லியன் கிலோமீட்டர். புதன் சூரியனைச் சுற்ற 88 நாள். சனிக்கோ இருபத்தொன்பதரை ஆண்டு. இவ்வளவு தூரத்தில் உள்ளவை நம் கண்ணுக்கு ஒரு வரிசையாகத் தெரிகின்றன என்பதுதான் விஷயம்.

செம்பனைக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தோட்டப் பாதையில் நடந்து போகும்பொழுது ஓரிடத்தில் மரங்கள் தாறுமாறாகத் தெரியும். பத்து அடி தள்ளி நின்றால் அதே மரங்கள் நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசையாகத் தெரியும். மரம் எதுவும் நகரவில்லை. நாம் நின்ற இடம்தான் மாறியது. கிரகங்கள் நகர்கின்றன, நாமும் பூமியோடு நகர்கிறோம். ஆனால் வரிசை என்பது நாம் நிற்கும் இடத்தால் வரும் தோற்றமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரகங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே தட்டில் உருளும் கோலிகளைப் போலச் சூரியனைச் சுற்றுகின்றன. ஆகவே வானத்தில் அவை எப்பொழுதும் ஒரே பாதையில்தான் தெரியும். அந்தப் பாதையைத்தான் நம் முன்னோர் பன்னிரண்டு ராசிகளாகப் பகுத்தார்கள். எனவே கிரகங்கள் கோட்டில் இருப்பது அதிசயமே அல்ல. என்றைக்குமே அவை அந்தக் கோட்டில்தான் இருக்கின்றன. வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஐந்தும் ஒரே நேரத்தில் விடியற்காலை வானில், அதுவும் சூரியனிலிருந்து உள்ள வரிசைப்படியே புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சனி என்று நின்றதுதான் 2022 ஜூன் மாதத்தின் அருமை.

கடலை ஒட்டி வாழும் நமக்கு இழுவிசை என்றால் என்ன என்பதும் தெரியும். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் கடல் பொங்கி, கரைக் கட்டுகளைத் தாண்டி நீர் புகுவதைப் பார்த்திருக்கிறோம். அது சந்திரனும் சூரியனும் சேர்ந்து இழுப்பதால் வருவது. சுக்கிரன் பூமிக்கு மிக அருகில் வரும்பொழுதுகூட, கடல் நீரை அது ஏற்றும் அளவு சந்திரனுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. மற்ற கிரகங்களின் பங்கு அதிலும் குறைவு.

எங்கள் சிறு குழு

நம் அறநிலையத்தின் இலவசப் பிரத்தியேக வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் ஆறு பேர், செம்பனை ஆலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், நான் ஆகியோரே அந்தக் குழு. எங்களில் வானியல் படித்தவர் எவருமில்லை. ஓர் அன்பர் பிள்ளைகளுக்காக வாங்கித் தந்த 70 மில்லிமீட்டர் தொலைநோக்கியும், இரு கண்ணால் பார்க்கும் சிறிய தொலைநோக்கி ஒன்றும் எங்கள் முதலீடு. பூசாரி ஐயா கோயில் பஞ்சாங்கத்தைத் தந்தார்.

அந்தப் பஞ்சாங்கத்தைத் திறந்ததுமே ஓர் உண்மை வெளிப்பட்டது. ஜூன் 24ஆம் தேதி புதனும் சுக்கிரனும் ரிஷபத்தில், செவ்வாயும் குருவும் மீனத்தில், சனி கும்பத்தில். "எங்கேங்க ஒன்னு சேர்ந்திருக்கு? ஆளுக்கொரு வீட்ல உக்காந்திருக்காங்களே" என்று பூசாரி ஐயாவே சிரித்துவிட்டார். பயமுறுத்திய செய்தியை எழுதியவர் பஞ்சாங்கத்தையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை.

பூசாரி ஐயா தாமே அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்று, மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு நாளாவது வந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். நானும் உடன் சென்று, "தங்கச்சி, அன்னிக்கு நான் பேசினது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அவர், "நான் படிக்காதவங்க, வாத்தியாரே. புள்ளைக்கு ஒன்னும் ஆயிடக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். வருவதாக மட்டும் சொல்லவில்லை.

கடல் மேற்கே, கிரகம் கிழக்கே

விடியற்காலையில் கிரகம் பார்ப்பதற்கு நம் ஊரில் இரண்டு இடையூறுகள். முதலாவது திசை. நமக்குக் கடல் மேற்கே இருக்கிறது. மாலையில் அடிவானம் வரை தடையே இல்லை. கோலசிலாங்கூர் மலாவத்தி குன்றிலிருந்து இஸ்லாமியச் சகோதரர்கள் ரமலான் பிறை பார்ப்பதும் அந்த மேற்கு வானத்தைத்தான். விடியற்காலைக் கிரகங்களுள் சூரியனை ஒட்டி நிற்பவையோ கிழக்கே, செம்பனை மரங்களுக்குப் பின்னால் உதிக்கின்றன. பன்னிரண்டு மீட்டர் உயர மரம் அறுபது மீட்டர் தூரத்தில் நின்றால், அடிவானத்திலிருந்து பதினொரு பாகை வரை மறைத்துவிடும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டியின் அகலம் சுமார் பத்து பாகை. புதன் கண்ணுக்குத் தெரியும் உயரமே அவ்வளவுதான்.

இரண்டாவது வானிலை. ஏப்ரல் முதல் நவம்பர் வரையில் மலாக்கா நீரிணையிலிருந்து பின்னிரவிலும் விடியற்காலையிலும் 'சுமத்ரா' என்னும் புயல்காற்று மழையோடு வந்து மேற்குக் கரையை அடிக்கும். மீனவர்கள் அதை நன்கு அறிவார்கள். நாங்கள் எழுந்து நின்ற நேரமும் அதுவும் ஒன்றாக இருந்தது.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டுக் கடிகாரம் 120 பாகைக் கிழக்கு நெடுவரைக்கு உரியது. நாம் இருப்பதோ 101 பாகையின் அருகில். அதனால் உண்மையான சூரிய நேரம் கடிகாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் பின்தங்கி இருக்கிறது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளிய பிறகு இது இன்னும் கூடிவிட்டது. ஆகவே ஜூன் மாதத்தில் நமக்குச் சூரியன் உதிக்கக் காலை ஏழு மணியைத் தாண்டிவிடும். காலை ஆறு மணிக்கும் நமக்கு இருட்டுதான். வேலைக்குப் போகுமுன்னே பார்த்துவிடலாம் என்பது இதில் ஒரு வசதி.

சந்திரனே வழிகாட்டி

எந்தப் புள்ளி எந்தக் கிரகம் என்று தெரியாத எங்களுக்குச் சந்திரன்தான் வழிகாட்டியாக அமைந்தது. தேய்பிறைச் சந்திரன் அந்தப் பத்து நாளில் ஒவ்வொரு கிரகத்தின் பக்கத்திலும் ஒரு முறை போய் நின்றது: ஜூன் 18இல் சனி, 21இல் குரு, 23இல் செவ்வாய், 26இல் சுக்கிரன், 27இல் புதன். வீடு வீடாகப் பத்திரிகை வைக்கப் போகும் மாமனைப் போல என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

ஜூன் 18, சனிக்கிழமை. கோயில் திடலில் நின்று பார்த்தோம். தலைக்கு மேலே சந்திரன், அதன் அருகில் மங்கிய மஞ்சள் நிறத்தில் சனி. 70 மில்லிமீட்டர் தொலைநோக்கியிலேயே அதன் வளையம் தெரிந்தது. பெரியவர் ஓட்டுநர் ஐயா ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இவரையா இத்தனை வருஷமா பயந்து கும்பிட்டோம்? எவ்வளவு லட்சணமா இருக்காரு!" என்றார். அன்று கிழக்கே மரங்களுக்கு மேல் மேகம். சுக்கிரன் அவ்வப்பொழுது தலை காட்டியது, புதன் தெரியவில்லை.

ஜூன் 21. சுமத்ரா காற்று வந்தது. தொலைநோக்கியைத் துணியால் மூடிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடி, நனைந்தபடி தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்பினோம்.

ஜூன் 23. மழையில்லை, ஆனால் வானம் முழுவதும் கம்பளம் விரித்தாற்போல் மேகம். இரண்டு பிள்ளைகள் நின்றுகொண்டே தூங்கினார்கள். அன்று மண்டபத்தின் ஓரத்தில் அந்தத் தாயும் மகளும் நின்றிருந்ததைக் கண்டேன். தேர்வு முடிவு 16ஆம் தேதி வந்திருந்தது. பிள்ளை நன்றாகவே தேறியிருந்தாள். தாயோ இன்னும் அந்த 1,200 வெள்ளியைக் கொடுக்கவும் இல்லை, கொடுப்பதில்லை என்று முடிவு செய்யவும் இல்லை. "ஒன்னும் தெரியலையே, வாத்தியாரே" என்றார். "நாளைக்குத் தெரியலாம், தங்கச்சி" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

ஜூன் 24, வெள்ளிக்கிழமை

அன்று இடத்தை மாற்றினோம். கோயில் வேனில் ஐந்து மணிக்கெல்லாம் தெற்கே சுங்கை பெசார் பக்கத்து நெல்வயல்களுக்குப் போனோம். வரப்பில் நின்றால் கிழக்கே கண்ணுக்கு எட்டிய வரை தடையில்லை. தாயும் மகளும் வேனில் பின்னிருக்கையில் அமர்ந்து வந்தார்கள்.

மேகம் கலைந்திருந்தது. தலைக்கு மேல் சற்றே மேற்கில் சரிந்து சனி. கிழக்கு நோக்கி இறங்கினால் பளிச்சென்று குரு. அதற்குக் கீழே செம்மை கலந்த செவ்வாய். அதற்கும் கீழே மெலிந்த பிறை. கிழக்கில் தாழ்வாக, விளக்கு ஏற்றியது போல் சுக்கிரன். அதன் பக்கத்தில் சிறு கொத்தாகக் கார்த்திகை மீன்கள். முருகப் பெருமானை வளர்த்த தாய்மார் என்று கதையில் கேட்டவர்களை வானத்தில் கண்டதும் பிள்ளைகள் கை கூப்பினார்கள். சனியிலிருந்து புதன் இருக்க வேண்டிய இடம் வரை அந்த வரிசை 107 பாகை நீண்டிருந்தது. அடிவானத்திலிருந்து உச்சி வரை 90 பாகைதான் என்றால் அதன் நீளத்தை அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம். அணிவகுப்பு என்றால் அணிவகுப்புதான்; ஆனால் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் அல்ல, வானத்தின் பாதிக்கு மேல் பரந்து நின்ற விளக்கு வரிசை.

மணி ஆறே கால். புதன் மட்டும் பாக்கி. நான் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன், தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்த சமயம் அது. அப்பொழுது அந்தப் பெண், "சார், அந்த ஒத்தை மரத்துக்கு நேர் மேல, அதோ!" என்றாள். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராய் "ஆமாம், ஆமாம்" என்றார்கள். தாய் மகளின் தோளில் கையை வைத்து, அவள் விரல் நீட்டிய திசையில் வெகு நேரம் பார்த்தார். பிறகு, "ஆமாம்டி, குண்டூசித் தலையாட்டம்" என்றார்.

காட்ட வந்தவன் நான். எனக்குத்தான் அது தெரியவில்லை. அவர்கள் சொல்லை நம்பித்தான் அன்று என் குறிப்பேட்டில் 'ஐந்தும் காணப்பட்டன' என்று எழுதினேன். 27ஆம் தேதி பிறை புதனருகே வரும் நாளில் மீண்டும் முயன்றோம்; மேகம் விடவில்லை.

வேனில் திரும்பும்பொழுது தாய் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் மெதுவாக, "அவங்க பாட்டுக்கு அவங்க இருக்காங்க, வாத்தியாரே. நம்ம வீட்டை எங்க பார்க்கறாங்க?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. இந்த முறை வாயை மூடிக்கொள்ளக் கற்றிருந்தேன்.

பார்த்து எழுதியதே பஞ்சாங்கம்

பரிகாரமே கூடாது என்று நான் சொல்ல வருவதாக எவரும் எண்ண வேண்டாம். நவக்கிரக வழிபாடு நம் மரபு. ஆனால் அந்த மரபுக்குப் பின்னால் வானத்தை உற்றுப் பார்த்த கண்கள் இருந்தன என்பதை நாம் மறந்துவிட்டோம். நம் நவக்கிரகங்களில் ஏழு, கண்ணால் காணக்கூடியவை. ராகுவும் கேதுவுமோ, சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகள். கிரகணம் அந்தப் புள்ளிகளின் அருகில்தான் நிகழும் என்று கண்டறிந்து, கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கும் சந்நிதியில் இடம் கொடுத்தது எவ்வளவு நுட்பமான அறிவு!

1825ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்ற அதிகாரி தம் நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். புதுச்சேரியில் அவர் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே, அவ்வாண்டு மே மாத இறுதியில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் 4 நிமிடமும் முடிவு நேரத்தில் 52 நிமிடமும்தான் பிசகின. தாளும் எழுதுகோலும் இல்லாமல் செய்த கணக்கு அது.

அந்தச் சிறு பிசகையும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும் என்று முனைந்தவர் சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானவர். கண்ணால் கண்டு சரிபார்த்த திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874 டிசம்பர் 9ஆம் தேதி சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கடந்து சென்றபொழுது, பொதுமக்கள் அதைப் புரிந்துகொள்ள முன்கூட்டியே ஒரு விளக்க நூல் எழுதினார். அவர் ஆசாரமான வைணவர். பக்திக்கும் பார்வைக்கும் பகை இருந்ததாக அவர் கருதவில்லை.

பழைய வாய்பாட்டைப் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியது திருக்கணிதம். இரண்டுக்கும் இன்றும் வேறுபாடு உண்டு. சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா எடுத்தது டிசம்பரில். பதினொரு மாத வேறுபாடு! இதில் எந்த நாளில் கெடுதல் வரும் என்று பயமுறுத்துகிறவரைக் கேட்டுப் பாருங்கள். வழிபாட்டுக்கு நாள் குறிப்பது கோயில் மரபு; அதை மதிப்போம். பயத்துக்கு நாள் குறிப்பது வியாபாரம்.

அன்பர்கள் தாங்களும் பார்க்க

இதற்குத் தொலைநோக்கி அவசியமன்று. சூரியன் உதிக்க ஒரு மணி நேரம் முன்னதாக, விளக்கொளி இல்லாத இடத்தில், கிழக்கே திறந்த வெளியில் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். விண்மீன் கண் சிமிட்டும். கிரகம் பெரும்பாலும் நின்று ஒளிரும். பிறை எந்த நாளில் எந்த ராசியில் இருக்கிறது என்று பஞ்சாங்கத்தில் பார்த்து, அந்த ராசியில் உள்ள கிரகத்தைப் பக்கத்தில் தேடுங்கள். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள், கிழக்கு வெளுத்துச் சூரியன் வரும் நேரத்துக்கு முன்பே அதை எடுத்து வைத்துவிட வேண்டும். சூரியனை அதன் வழியே ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும். பிள்ளைகள் விஷயத்தில் இதில் கண்டிப்பு வேண்டும்.

விளக்கும் கட்டணமும்

அடுத்த நாள் சனிக்கிழமை. அந்தத் தாய் வழக்கம்போல் நவக்கிரக சந்நிதியில் எள் விளக்கு ஏற்றினார். வழக்கமாக ஒன்று, அன்று ஐந்து. நம் சந்நிதியில் கிரகங்கள் ஒன்றையொன்று பாராமல் ஆளுக்கொரு திசை நோக்கி நிற்பதை அவர் சுற்றி வரும்பொழுது நின்று நின்று பார்த்ததைக் கவனித்தேன். வெளியூர்க்காரருக்குப் பணம் போகவில்லை. அந்த இரண்டாயிரம் வெள்ளியும், நம் அறநிலையக் கல்வி நிதியிலிருந்து சிறு உதவியும் சேர்ந்து மகள் மேற்படிப்பில் சேர்ந்தாள். விடுமுறையில் வந்தால் பிரத்தியேக வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கியைத் திருப்பிக் காட்டுவது இப்பொழுது அவள்தான். கல்வி நிதிக்கு வாரி வழங்கும் பெருமக்கள், தங்கள் பணம் எங்கே போகிறது என்று கேட்டால், அங்கேதான் என்று சொல்வேன்.

அந்தத் தாயின் பயம் முற்றிலும் போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால், முதலில் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார் என்பது மட்டும் நிச்சயம்.

இதைவிடப் பெரிய காட்சி ஒன்று வரவிருக்கிறது. 2040ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதியை ஒட்டி, ஐந்து கிரகங்களும் பிறைச் சந்திரனும் சுமார் பத்து பாகைக்குள், அதாவது நீட்டிய கையின் ஒரு முட்டி அகலத்துக்குள், கூடி நிற்கும். அது விடியலில் அல்ல, மாலையில். கிழக்கே அல்ல, மேற்கே. பாகான் நக்கோடா ஓமார் கடற்கரையில் நின்றால் மரமோ மலையோ மறைக்காது. அப்பொழுதும் பயமுறுத்தும் செய்திகள் வரும். எந்தக் கருவியில் வருமோ தெரியாது. அன்று இந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கடற்கரைக்கு அழைத்துப் போவார்கள் என்று நம்புகிறேன். நான் இருந்தால் எண்பத்தாறு வயதில் நானும் வருவேன். புதன் எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் அச்சமற்ற மனத்தையும், தெளிந்த கண்ணையும், மேகமற்ற வானத்தையும் அருள்வானாக.